லைனிங்குக்குள் லெனின்

அழகுமலை துபாயில் பதினொரு வருஷம் ஃபர் கோட்டு தைத்தான். வெளியே நாற்பத்தாறு டிகிரி வெயில் கொளுத்தும். நாசர் ஸ்கொயரில் அவன் வேலை பார்த்த கடைக்குள் நுழைந்தால் ஏசிக் குளிரில் கீரி மாதிரியான மிங்க், நரி, சுருட்டை மயிர் ஆட்டுத்தோல் என்று முந்நூறு கோட்டுகள் வரிசையாகத் தொங்கும். ரஷ்யாவிலிருந்தும் அதன் பக்கத்து நாடுகளிலிருந்தும் பெண்கள் வேர்த்து வடிய உள்ளே வருவார்கள். முழங்கால்வரை நீளும் கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் நிற்பார்கள். கை நீளமாக இருந்தாலோ இடுப்பு பிடித்தாலோ கோட்டு பின்னறைக்கு வரும். அங்கே இரண்டு மிஷின்கள். ஒன்றில் கீழக்கரை செய்கு முகம்மது, இன்னொன்றில் அழகுமலை.

மேலூருக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தவன் அவன். 1998இல் விசா கிடைத்து வந்தான். நைஃப் பகுதியில் எங்கள் ரூமில் எட்டுப் பேர். கீழ்க்கட்டில் அவன், மேல்கட்டில் நான். எனக்குப் பக்கத்துத் தெரு டைப்பிங் சென்டரில் வேலை. விசா பாரம், லேபர் கார்டு பாரம் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். என் மேஜையில் இன்டர்நெட் இருந்தது. அது இருந்ததால்தான் இந்தக் கதையில் எனக்கும் கொஞ்சம் இடம் கிடைத்தது.

2002 அக்டோபரில் கலீனா என்று ஒரு பெண்மணி கடைக்கு வந்தார். ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க் ஊர்க்காரர். துபாயில் துணிமணி வாங்கிக்கொண்டுபோய் அங்கே விற்பவர். புதிதாக ஒரு தோல் கோட்டு வாங்கிவிட்டு, பையிலிருந்து பழைய கறுப்பு ஆட்டுத்தோல் கோட்டு ஒன்றை எடுத்து வைத்தார். செத்துப்போன அம்மாவுடைய கோட்டாம். அந்தக் காலரைக் கழற்றிப் புதிய கோட்டில் வைக்க வேண்டும், மீதித் தோலில் தனக்கு ஒரு தொப்பி வேண்டும், சனிக்கிழமை விமானம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலரைக் கழற்றிவிட்டு அழகுமலை கோட்டின் கீழ் மடிப்பைப் பிடித்தான். கனத்தது. கோட்டு தொங்கலாக விழுவதற்கு மடிப்பில் ஈயக் குண்டு வைத்துத் தைப்பது உண்டு, அதுதான் என்று நினைத்தான். ஆனால் தையல் அவன் கண்ணை உறுத்தியது. மற்ற இடமெல்லாம் மிஷின் தையல். அடி மடிப்பு மட்டும் கைத்தையல், மெழுகு தடவிய கறுப்பு நூல், எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னச் சின்ன ஓட்டம். இவ்வளவு சிரத்தையாக ஈயத்தை யார் உள்ளே வைப்பார்கள்? பிளேடால் நூலை அறுத்தான். லைனிங்குக்குள் மெழுகுத் துணியில் ஒன்பது சின்னப் பைகள். முதல் பையைப் பிரித்ததும் லெனின் தலை எட்டிப் பார்த்தது.

எழுபத்து மூன்று தாள்கள். எல்லாம் நூறு ரூபிள்.

செய்கு முகம்மது கதவைச் சாத்தினார். ஏழாயிரத்து முந்நூறு ரூபிள் என்றால் எவ்வளவு திர்ஹம், அது எத்தனை லட்சம் ரூபாய் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மா செத்துப்போய்விட்டார், மகளுக்கு இது தெரிந்திருந்தால் கோட்டை இங்கே கொடுத்திருப்பாரா என்று செய்கு முகம்மது மெல்லச் சொன்னார். அழகுமலை மீதியை நூல்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, ஒரே ஒரு தாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் ஓடினான். அன்று அவன் நினைத்ததை வருஷங்கள் கழித்து என்னிடம் ஒளிக்காமல் சொன்னான்.

"போகும்போது திருப்பிக் குடுக்கணும்னு நெனைக்கல மாப்ள. வரும்போதுதான் நெனச்சேன்."

பணம் மாற்றும் கடையில் இருந்த மலையாளி தாளைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். திரும்பி வந்து, இது மரிச்ச நோட்டாணு என்று சிரித்துக்கொண்டே நீட்டினார்.

மரித்த நோட்டா? கிழிந்த நோட்டு தெரியும், கள்ள நோட்டு தெரியும். நல்ல தாள், நல்ல அச்சு, மடிப்புகூடக் கலையவில்லை. இது எப்படிச் சாகும்? தாளைக் கையில் பிடித்தபடியே கடைக்குள் நுழைந்தவனை ரயீசா பார்த்துவிட்டாள்.

ரயீசா அந்தக் கடை சேல்ஸ்காரி. தாஷ்கண்டிலிருந்து வந்தவள், ஐம்பதை நெருங்கும் வயசு. இந்திப் படம் பார்த்தே இந்தி கற்றவள். உஸ்பெக்கில் அக்காவை ஓப்பா என்பார்கள். எங்கள் எல்லோருக்கும் அவள் ஓப்பாதான். அவள் முன்னால் என்ன வேலை பார்த்தாள் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. தாஷ்கண்டில் அரசு வங்கியில் பத்தொன்பது வருஷம் கேஷியராக இருந்திருக்கிறாள். அந்தத் தாளைக் கையில் வாங்கினாள். பிறகு விரலால் ஒரு தடவு தடவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வாடிக்கையாளர் யாரும் இல்லை. சொல்லத் தொடங்கினாள்.

1991 ஜனவரி. ஒரு செவ்வாய்க்கிழமை டிவி செய்தியில் அறிவித்தார்கள்: ஐம்பது ரூபிளும் நூறு ரூபிளும் நடுச்சாமத்தோடு செல்லாது. புதன், வியாழன், வெள்ளி, மூன்றே நாளில் மாற்றிக்கொள்ள வேண்டும். வேலையில் இருப்பவருக்கு ஆயிரம் ரூபிள்வரை, பென்ஷன்காரருக்கு இருநூறு. அதற்கு மேல் இருந்தால் எங்கிருந்து வந்தது என்று கமிட்டி முன்னால் நின்று விளக்க வேண்டும். செய்தி கேட்டவுடனே விவரமானவர்கள் ரயில் நிலையத்துக்கு ஓடி, நூறு ரூபிள் தாளை நீட்டித் தூர ஊருக்கெல்லாம் டிக்கெட் வாங்கினார்கள். மறுநாள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துச் சில்லறை வாங்கிக்கொள்ளலாமே. புதன்கிழமை காலையில் ரயீசா வங்கிக்குப் போனபோது வரிசை தெருவைத் தாண்டி டிராம் நிறுத்தம்வரை நின்றது. ஊறுகாய் ஜாடியில் புதைத்து வைத்த நோட்டு வந்தது, புளித்த வாடையோடு. செருப்புக்குள் வைத்து மிதித்து மிதித்து ஈரத் துணி மாதிரியான நோட்டு வந்தது. பென்ஷன்காரர் ஒருவர் தன் ஈமச் சடங்குக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததை ஜன்னலில் வைத்துவிட்டு, நான் இதை எதற்காகச் சேர்த்தேன் என்று இவளையே கேட்டிருக்கிறார். மூன்றாம் நாள் சாயங்காலம் விரல் பத்தும் மரத்துப்போயிருந்தது.

அழகுமலைக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. இவ்வளவு காசை வைத்துக்கொண்டு ஏன் எதுவும் வாங்காமல் இருந்தார்கள்?

ரயீசா விளக்கினாள். எந்தச் சாமான் எத்தனை செய்வது, என்ன விலை என்பதெல்லாம் மாஸ்கோவில் திட்டம் போட்டு முடிவு பண்ணுவார்கள். ஃபிரிட்ஜுக்கு விலை வருஷக்கணக்கில் ஏறாது. ஆனால் கடையில் ஃபிரிட்ஜ் இருக்காது. கார் வேண்டுமென்றால் பேர் பதிந்துவிட்டு ஏழு வருஷம், எட்டு வருஷம் காத்திருக்க வேண்டும். சம்பளம் மாசாமாசம் தவறாமல் வரும். காசு இருக்கும், சாமான் இருக்காது. அழகுமலை தலையாட்டினான். கையில் எத்தனை ரூபாய் இருந்தாலும் கார்டு இல்லாமல் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்ற மாட்டானே, அது போலத்தானே என்றான். அதே போலத்தான், ஆனால் எங்களுக்கு எல்லாக் கடையும் ரேஷன் கடை என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கலீனா வந்தார். காலர் வைத்த கோட்டையும் தொப்பியையும் மேஜையில் வைத்து, பக்கத்தில் அந்த ஒன்பது பைகளையும் அழகுமலை வைத்தான். எழுபத்து மூன்றும் இருந்தது. ரயீசா மொழிபெயர்த்தாள். கலீனா முதல் பையைப் பிரித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று நினைத்துச் செய்கு முகம்மது தண்ணீர் எடுக்க ஓடினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வழிய வழிய. அம்மா டிராமில் உட்காரும்போதெல்லாம் கோட்டின் விளிம்பை எடுத்து மடியில் போட்டுக்கொள்வாராம். கோட்டு கசங்கக் கூடாது என்று அப்படிச் செய்கிறார் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தார்களாம். கார் வரிசையில் அம்மாவுடைய பேர் 1981 முதல் இருந்தது. 88இல் அவர் இறந்தார். கார் வாங்கலாம் என்ற கடிதம் 89இல் வந்தது. பணம் இல்லையே என்று அப்பா அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்போது கோட்டு அலமாரியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்தத் தாள்களுக்கு உயிரும் இருந்தது.

கிளம்பும்போது கலீனா பத்துத் தாள்களை எண்ணி அழகுமலையின் கையில் திணித்தார். இதை வைத்து ஒரு முட்டைகூட வாங்க முடியாது, ஆனாலும் நீ வைத்துக்கொள் என்றார்.

அன்று பிடித்தது அவனுக்கு இந்தப் பைத்தியம். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு என் டைப்பிங் சென்டருக்கு வந்து நின்றான். இந்த நோட்டு எப்போது பிறந்தது, இதற்கு முன்னால் என்ன இருந்தது, அதை எப்படிச் சாகடித்தார்கள், எல்லாம் பார்த்துச் சொல் என்றான். எனக்கும் சுவாரஸ்யம் தட்டியது. அரபியில் பாரம் அடிக்க வந்தவர்களைக் காக்கவைத்துவிட்டுத் தேடினேன். அவன் பழைய டைரி ஒன்றில் குறித்துக்கொண்டான். புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவில் நோட்டு அடித்துத் தள்ளினார்கள். காசே இல்லாத உலகம் வரப்போகிறது என்று சிலர் நம்பினார்கள். பிறகு சைபர்களை வெட்டத் தொடங்கினார்கள். 1922இல் பத்தாயிரம் பழசுக்கு ஒன்று. மறுவருஷம் அதில் நூறுக்கு ஒன்று. அதற்கும் மறுவருஷம் அதில் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று. அழகுமலை பேனாவால் பெருக்கிப் பார்த்தான். ஐயாயிரம் கோடி பழைய ரூபிள் கொடுத்தால் ஒரு புது ரூபிள். அன்று ரூமில் சோறு வடிக்கும் முறை அவனுடையது. வடிப்பதை மறந்து இந்தக் கணக்கை ஏழு பேருக்கும் நின்று சொன்னான். சோறு குழைந்துபோனது. யாரும் திட்டவில்லை, கேட்டுக்கொண்டே தின்றோம்.

நோட்டைப் பார்த்தே ரஷ்ய எழுத்துகளைக் கற்றான். 1961 நோட்டில் தொகை பதினைந்து மொழிகளில் அச்சாகியிருக்கும், சோவியத்துக் குடியரசுக்கு ஒன்றாக. அதைக் கண்ட அன்று பர்ஸிலிருந்து நம்மூர் பத்து ரூபாயை எடுத்துப் பக்கத்தில் வைத்து, நம்ம நோட்டிலும் பின்பக்கம் தமிழ் வரி இருக்கிறது பார் என்று ஒவ்வொருவரிடமும் காட்டினான். ரயீசா உஸ்பெக் வரியைக் காட்டினாள். இரண்டு பேரும் தங்கள் தங்கள் வரியைச் சத்தமாகப் படித்தார்கள்.

கலீனா வருஷத்துக்கு மூன்று தடவை சரக்கெடுக்க வருவார். வரும்போதெல்லாம் கவரில் பழைய நோட்டுகள் கொண்டுவருவார். அங்கே யாருக்கும் அது வேண்டாம். கேட்டால் சும்மாவே கொடுத்தார்களாம். ஊரில் நாகஜோதிக்கு, அதாவது அழகுமலையின் மனைவிக்கு, இது பிடிக்கவில்லை. செத்த காசை வீட்டுக்குக் கொண்டுவராதே என்று போனில் சொன்னாள். இருந்தும் 2004 லீவில் நோட்டுகளைச் சேர்த்து வைத்த ஆல்பத்தோடு போனான். திருச்சி விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் அதிகாரி ஆல்பம் நிறைய வெளிநாட்டு நோட்டைப் பார்த்ததும் ஓரமாக நிறுத்தினார். அழகுமலை பக்கம் பக்கமாகப் புரட்டி, இது 1947 டிசம்பரில் செத்தது, ஒரு வாரம்தான் டைம் கொடுத்தார்கள், பத்துக்கு ஒன்று, இது 61இல் செத்தது, இது 91இல் மூன்று நாளில் செத்தது என்று விளக்கிக்கொண்டே போனான். அதிகாரி இன்னொருவரையும் கூப்பிட்டு, முதலிலிருந்து சொல்லுங்க என்றார். வீட்டுக்கு வந்ததும் நாகஜோதியும் கேட்டாள். கேட்டுவிட்டு, ஒரு வாரத்தில் பத்தில் ஒன்பது போனால் அந்தப் பொம்பளைகள் எப்படி உலை வைத்தார்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவன் டைரியில் எழுதிக்கொண்டு வந்து ரயீசாவிடம் கேட்டான். தன் அம்மா அப்போது ரொட்டி வாங்கியதை, அம்மா சொல்லக் கேட்டபடி, அவள் ஒரு மணி நேரம் சொன்னாள்.

2005இல் நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். கலீனா கொண்டுவந்த கவரில் 1947 என்று போட்ட பத்து ரூபிள் இரண்டு இருந்தன. ஒன்று போதும், இன்னொன்றை யாருக்காவது கொடுத்துவிடு என்றேன். மறுநாள் வெயிலில் ஓடியே வந்தான். மூச்சு வாங்கியது. கையில் துணி இழை எண்ணும் லென்ஸ்.

"ரெண்டும் ஒன்னு இல்ல மாப்ள. ரிப்பனை எண்ணிப் பாரு."

நோட்டில் இருக்கும் அரசு சின்னத்தில் கோதுமைக் கதிர்களைச் சுற்றி ரிப்பன் ஓடும். தையல்காரன் கண்ணல்லவா, சுற்றுகளை எண்ணியிருக்கிறான். ஒன்றில் பதினாறு சுற்று, இன்னொன்றில் பதினைந்து. நான் எண்ணினேன், சரிதான். எங்கள் டைப்பிங் சென்டர் முதலாளி எண்ணினார், சரிதான். இன்டர்நெட்டில் ஒரு மணி நேரம் தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்தோம். சோவியத்தில் ஒரு காலத்தில் பதினாறு குடியரசுகள். குடியரசுக்கு ஒரு சுற்று. 1956இல் பின்லாந்து எல்லையில் இருந்த ஒன்றை ரஷ்யாவோடு சேர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அச்சடித்த நோட்டில் ஒரு சுற்றை எடுத்துவிட்டு, வருஷத்தை மட்டும் 1947 என்றே விட்டிருக்கிறார்கள். சேகரிப்பவர்களுக்கு இது முன்பே தெரிந்த சங்கதிதான். ஆனால் அழகுமலைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பாரம் அடிக்கக் காத்திருந்த பட்டாணியர் ஒருவர், என்ன பாய், லாட்டரியா என்று கேட்டார். ஆமாம் என்றான்.

அதற்குப் பிறகு அவன் தேடியது ஒன்றே ஒன்றை. 1922இல் அந்த நோட்டு வெள்ளத்துக்கு நடுவே தங்கத்தைப் பின்பலமாக வைத்து வெளியிட்ட புது நோட்டு. செர்வோனெட்ஸ் என்று பேர். வெள்ளைத் தாள், ஒருபக்கம் மட்டும் அச்சு. கலீனாவுக்குக் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலைகளில் ஷார்ஜா துறைமுகத்துக்குப் போகத் தொடங்கினான். அங்கே கப்பலில் வரும் உக்ரைன்காரர்கள் பைனாகுலர், கைக்கடிகாரம், பழைய பதக்கம் என்று எதையாவது விற்பார்கள். இரண்டு வருஷம் போனான். பதக்கம் கிடைத்தது, தபால்தலை கிடைத்தது, அது கிடைக்கவில்லை.

2007 பிப்ரவரியில் கிடைத்தது. ஒடெசாவிலிருந்து வந்த கப்பலில் வயசான தலைமை எஞ்சினியர் ஒருவர், தாத்தா வைத்திருந்த நோட்டு ஒன்று இருக்கிறது என்று ஒரு புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். வெள்ளைத் தாள். திருப்பினால் பின்பக்கம் வெறுமை. முந்நூறு டாலர் என்றார். அழகுமலையின் மாசச் சம்பளமே அதைவிடக் கொஞ்சம்தான் கூட. அப்போதுதான் அவர் போட்டிருந்த தோல் ஜாக்கெட்டைக் கவனித்திருக்கிறான். ஜிப் பிய்ந்து கிடந்தது, லைனிங் நார் நாராகத் தொங்கியது, ஒரு கை தோளில் தையல் விட்டிருந்தது. தனக்குத் தெரிந்த ரஷ்யனில் கேட்டான்: இதைப் புதுசு மாதிரி ஆக்கித் தந்தால்?

எஞ்சினியர் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தார். அழகுமலை டாக்சி பிடித்துக் கடைக்கு வந்து, தோல் ஊசி, ஜிப், பட்டு லைனிங் எல்லாம் எடுத்துக்கொண்டு அதே டாக்சியில் திரும்பினான். கப்பல் சாயங்காலம் கிளம்புகிறது. மேல்தளத்தில் ஒரு கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து காலை பத்து மணிக்குத் தொடங்கினான். கப்பல்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவர் சூப் கொண்டுவந்து கொடுத்தார். நான்கு மணிக்குக் கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கடித்தான். எஞ்சினியர் போட்டுப் பார்த்தார், ஜிப்பை ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். புத்தகத்தோடு சேர்த்தே நோட்டைக் கொடுத்துவிட்டார்.

கடையில் ரயீசா கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டாள். பத்தொன்பது வருஷம் நோட்டு எண்ணியவள், இதைக் கண்ணால் கண்டதில்லை. மேலிருந்து கீழ்வரை படித்தாள். இதைத் தங்கமாக மாற்றிக்கொள்ளலாம், மாற்றத் தொடங்கும் நாளை அரசாங்கம் தனியாக அறிவிக்கும் என்று போட்டிருந்தது. அந்த அறிவிப்பு வரவே இல்லை என்று டைரியைப் பார்க்காமலே சொன்னான் அழகுமலை.

அடுத்த வருஷம் ஷார்ஜாவில் நம்மவர்கள் சேர்ந்து நடத்திய கண்காட்சி ஒன்றில் அவனுக்கு இரண்டு மேஜை கொடுத்தார்கள். நூற்றுப் பதினெட்டு நோட்டு, வருஷ வாரியாக. பேசுவதற்கு மூன்று நாள் ஒத்திகை பார்த்தான். பேசவே விடவில்லை. ரயீசா சொல்லிவிட்டதால் நாசர் ஸ்கொயரின் பாதிக் கடைப் பெண்கள் வந்துவிட்டார்கள். பாகுவிலிருந்து ஒருத்தி, கீவிலிருந்து ஒருத்தி, அல்மாட்டியிலிருந்து இரண்டு பேர். ஒருத்தி பச்சை மூன்று ரூபிளைக் காட்டி, முதல் சம்பளத்தில் இதைக் கொடுத்துத்தான் அம்மாவுக்குக் கேக் வாங்கினேன் என்றாள். இன்னொருத்தி ஊதா இருபத்தைந்தைக் கண்டுவிட்டு, கடைக்காரருக்குக் கவுண்டருக்கு அடியில் இதை நீட்டி பூட்ஸ் வாங்கிய கதையைச் சொன்னாள். ஒருத்தி பேச இன்னொருத்தி மறுக்க, ரயீசா இந்தியில் சொல்ல, நான் அதைத் தமிழில் சொல்ல, நம்ம பிள்ளைகள் இங்கிலீஷில் கேள்வி கேட்க, மேஜையைச் சுற்றி நிற்க இடமில்லை. அழகுமலை நடுவில் டைரியோடு குனிந்து எழுதிக்கொண்டே இருந்தான். பேனா தீர்ந்து என்னுடையதைப் பிடுங்கினான். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், இருபத்தேழு பக்கம் மாப்ள, என்றான். அவ்வளவுதான் அவன் பேசியது.

2009இல் வியாபாரம் படுத்தது. ரஷ்யப் பெண்கள் வரத்து குறைந்தது, முதலாளி கடையை மூடினார். ரயீசா தாஷ்கண்டுக்குத் திரும்பினாள். போகும்போது தன் பழைய வங்கி அடையாள அட்டையை ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் செருகிவிட்டுப் போனாள். அழகுமலைக்கு எண்ணெய் ஆலைகள் இருக்கும் ருவைஸில் வேலை கிடைத்தது. பிளான்ட் தொழிலாளர்களுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கும் கம்பெனி. மறுபடியும் காக்கி, மறுபடியும் ஒரே அளவு, ஒரே நிறம். மனசு விட்டுப்போயிருப்பான் என்று நினைத்துப் போன வாரம் போன் பண்ணலாமென்று இருந்தேன். அதற்குள் அவனே கூப்பிட்டுவிட்டான். குரலில் அந்தப் பழைய ஓட்டம்.

அங்கே சீனாக்காரர்கள் நிறைய. டவுசர் சின்னதாக்க வந்த வெல்டர் ஒருவர் பர்ஸைத் திறந்தபோது, தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு தாள் கீழே விழுந்திருக்கிறது. அதில் ஒரு டிராக்டர் படம். காசு இல்லையாம், தானியக் கூப்பனாம். அந்தக் காலத்தில் சீனாவில் காசோடு இதையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அரிசி போடுவார்களாம்; முப்பது நாற்பது வருஷம் நடந்திருக்கிறது. வெல்டரின் அம்மா வீட்டில் ஒரு டப்பா நிறையக் கிடக்கிறதாம். அடுத்த லீவில் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

மாகாணத்துக்கு மாகாணம் படம் மாறுமாம், ஊருக்கு ஊர் மாறுமாம், மொத்தம் எத்தனை வகை என்று யாருக்குமே தெரியாதாம் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனான். நான் பாரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு கீபோர்டை இழுத்துக்கொண்டேன்.

"மொதல்ல எந்த வருஷத்துல ஆரம்பிச்சதுன்னு பாரு," என்றான்.